சாவி வாங்கும் முன்



விடுமுறைக்குத் தாய்லாந்து போகும் என் மகன், அங்கே வாடகைக்கு கார் எடுத்துத் தானே ஓட்டப்போகிறானாம். "அங்கேயும் இடதுபக்கம்தான்பா, நம்ம லைசென்ஸே போதும்" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சாலை ஒன்றுபோல் இருக்கலாம், சட்டம் ஒன்றல்ல. அங்கே நமக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். அப்புறம் மொத்தச் செலவும் நம் தலையில்தான்.

புறப்படும் முன்பே நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4-ஏ கொடுத்து வாங்கிவிடலாம். கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். விமானச் சீட்டுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் இதற்குக் கணக்குப் பார்க்கலாமா?

தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்தால் ஓடிவர நம் சனம் உண்டு. அங்கே கையிலுள்ள காகிதம்தான் துணை.

மகன் நாளை விண்ணப்பிக்கிறான். உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.