பயிற்சி முடிந்ததும் எது மாறணும்?

முப்பது வருடத்துக்கு மேல் மில்லில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்கும் முன் நிர்வாகம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது முடிந்ததும் நம் மில்லில் எது மாறணும்?" பதில் இல்லையென்றால் செலவழித்த பணம் டீக்கும் வடைக்கும் சான்றிதழுக்கும்தான்.

நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றார்கள். மழையை நம்பிப் பிழைக்க முடியாத பூமிக்கு ஒரு தொழில் வேண்டும்; அதற்காகவே போனார்கள். மறு வருடமே ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். பின்னாளில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவிய தீப்பெட்டி ஆபீஸ்கள் இந்தக் கரிசல் காட்டில் எத்தனை வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றின!

நான் இருந்த ஒரு மில்லில் நடந்தது வேறு. வெளியூர் ஆள் ஒருவர் வந்து இரண்டு நாள் தலைமைப் பண்பு பற்றிப் பேசினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது எங்கள் தலைவலி, ரிங் பிரேமில் நூல் அடிக்கடி அறுவது. ஒரு நூல் அறுந்தால் மிஷின் நிற்காது. ரோலரிலிருந்து வரும் பஞ்சை உறிஞ்சு குழாய் இழுத்துக் கழிவுப் பெட்டியில் தள்ளிக்கொண்டே இருக்கும். சைடு பார்க்கும் பெண் எவ்வளவு சீக்கிரம் இழையைப் பிணைக்கிறாளோ, அவ்வளவு பஞ்சு மிச்சம். வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு எங்கள் மேஸ்திரி ஒருவர் தாமாகவே இறங்கினார். எந்த வரிசையில் சுற்றி வர வேண்டும், விரலை எப்படி வைக்க வேண்டும் என்று மிஷின் பக்கத்தில் நின்று செய்து காட்டினார். ஷிப்ட் முடிந்ததும் கழிவை எல்லோர் முன்னாலும் எடை போட்டார். சில வாரங்களில் கழிவு நன்றாகக் குறைந்தது.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கம்பெனியின் லட்சியம் தொழிலாளிக்கும் லட்சியமாக வேண்டுமென்றால் பலனில் பங்கு கொடுக்க வேண்டும்.

இப்போது மில்களில் வடமாநிலப் பிள்ளைகள் நிறைய. தமிழ் தெரியாதவர்களை உட்காரவைத்து இரண்டு நாள் தமிழில் பேசி என்ன பயன்? வேலையைச் செய்து காட்டுங்கள். எதற்காக என்று சொல்லுங்கள். மிச்சப்படுத்தினால் கூலியில் சேர்த்துக் கொடுங்கள்.

மில்லிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் இருந்த நம்ம வயசுக்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள்?