விலை குறைந்தால் வீரியம் குறையுமா?

"கவர்ன்மென்ட் மாத்திரை கேக்காது." பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தச் சொல் வராமல் இருக்காது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே வந்து கொடுக்கும் மெட்ஃபார்மின் அட்டைகள் அலமாரியில் கிடக்கும். பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போய், மெடிக்கலில் காசு கொடுத்து, அதே மெட்ஃபார்மினை வேறொரு பெயரில் வாங்கி வருவார்கள். கையில் காசில்லாத மாதத்தில் அதையும் வாங்குவதில்லை. சும்மா கிடைத்த அட்டையையும் பிரிப்பதில்லை. சர்க்கரை ஏறுகிறது, காலில் பட்ட காயம் ஆறாமல் கிடக்கிறது. ஏரித் தண்ணீரிலும் சேற்றிலும் நின்று வலை இழுக்கிறவருக்குக் கால் புண் என்றால் பிழைப்பே நின்று போகும். மலிவான மருந்து மட்டமான மருந்து என்ற நம்பிக்கை இப்படி உடம்பில் வந்து இறங்குகிறது. வெறும் அறியாமை என்று சொல்லி அதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அதே நம்பிக்கை புதிய மருந்தொன்றின் மேல் ஏறியிருக்கிறது: எடை குறைக்கும் ஊசி. பட்டணத்துப் பணக்காரர்களின் சமாச்சாரம், குப்பத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு உடல் எடை அளவுக்கு மேல். ஆண்களில் 37 சதவீதம். பருமனும் சர்க்கரையும் ஏழை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து வெகுகாலமாகிறது. அந்த ஊசி அழகுக்காக வந்ததுமில்லை. அதிலிருக்கும் செமாகுளுடைடு முதலில் சர்க்கரை நோய்க்கான மருந்தாகத்தான் வந்தது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல நடந்து, இன்சுலினைத் தூண்டி, வயிறு காலியாவதைத் தாமதமாக்கி, பசியை அடக்குகிறது. வாரத்துக்கு ஒரு ஊசி.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி இதை வெகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப அளவுக்கே மாதம் 17,345 ரூபாய், உச்ச அளவுக்கு 26,015 ரூபாய். அந்த ஆண்டு நவம்பரில் ஆரம்ப அளவின் விலையை 10,850-க்கு இறக்கினார்கள். டிசம்பரில் அதே கம்பெனியின் அதே மருந்து சர்க்கரை நோய்க்கான ஓசெம்பிக் என்ற பெயரில் வந்தபோது ஆரம்ப அளவு வாரத்துக்கு 2,200 ரூபாய். ஊசிக்குள் இருந்த மருந்து மாறவில்லை, செய்முறை மாறவில்லை. ஐந்தே மாதத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் எப்படிக் குறைந்தது? போட்டிக்கு இன்னொரு மருந்து சந்தையில் இருந்தது, காப்புரிமை முடியும் நாளும் நெருங்கிவிட்டது. விலை மருந்தின் தரத்தைக் காட்டும் என்று நம்புகிறவர்கள், அந்த நவம்பரில் வெகோவியின் தரமும் இறங்கியதா என்று சொல்லட்டும்.

2026 மார்ச்சில் அந்தக் காப்புரிமை முடிந்து, நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தை ஜெனரிக்காகச் செய்ய வழி திறந்தது. "ஒரிஜினல் வேற, ஜெனரிக் வேற" என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிட்டது.

என்ன வேற? செமாகுளுடைடு என்பது 31 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, அதன் பக்கவாட்டில் ஒரு கொழுப்பு அமிலம். அந்த வரிசை எங்கும் ஒன்றுதான். நோவோ கம்பெனி ஈஸ்ட் நுண்ணுயிரை வைத்து இந்தச் சங்கிலியை வளர்த்தெடுக்கிறது. ரசாயன முறையில் ஒவ்வொரு அமிலமாகச் சேர்த்தும் இதைக் கட்டலாம். பாதை எதுவானாலும் வந்து சேரும் பொருள் ஒன்று. வழியில் வேண்டாத துணுக்குகள் கலந்தனவா, எவ்வளவு, அவை உடம்பில் எதிர்ப்பைக் கிளப்புமா என்பதுதான் நியாயமான கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்கக் கருவிகள் உண்டு, கேட்க அதிகாரிகள் உண்டு. 2025 அக்டோபரில் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியின் செமாகுளுடைடு விண்ணப்பத்துக்குக் கனடா அரசு உடனே ஒப்புதல் தராமல் கூடுதல் விளக்கம் கேட்டது. ஜெனரிக் சரியில்லை என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டினார்கள். நான் இதை நேரெதிராகப் படிக்கிறேன். கேள்வி கேட்காமல் உள்ளே விடுவதில்லை என்பதால்தான், ஒப்புதல் கிடைத்த ஜெனரிக்கை நம்பலாம்.

மருந்துச் சரித்திரத்தில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. அதையாவது நாம் மறக்காமல் இருக்க வேண்டும். எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்துக்கு மேலைக் கம்பெனிகள் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கிய காலத்தில், 2001-ல் இந்தியாவின் சிப்லா அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். அங்கே கொடுக்கப்பட்டவை ஜெனரிக் மாத்திரைகள். சாவுக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் அவற்றைத் தின்று எழுந்து நடந்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006-ல் மறுத்தது சென்னையிலிருக்கும் காப்புரிமை அலுவலகம். சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு 2013 ஏப்ரல் 1 அன்று கம்பெனிக்கு எதிராக முடிந்தது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆன மருந்துக்கு ஜெனரிக் விலை பத்தாயிரத்துக்குள். அந்த மாத்திரையால் பிழைத்திருப்பவர்களிடம் போய், மலிவான மருந்து கேக்காது என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

உள்ளூர்க் கம்பெனி மருந்தை எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பில் ஒரு வலுவான கேள்வி உண்டு, அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். அந்த மருந்தைச் செய்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்திலிருந்த ஸ்ரீசன் பார்மா. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதம். மன்னிக்க முடியாத குற்றம், நம் மாநிலத்துக்கே தலைகுனிவு. ஆனால் அந்தப் பாட்டிலின் மேல் என்ன எழுதியிருந்தது? கோல்ட்ரிஃப் என்ற பிராண்ட் பெயர். டாக்டர் தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்து, மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கிய மருந்து அது. பெயர் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்க வேண்டியது சோதனை, அது நடக்கவில்லை.

எடை ஊசியிலும் இதே கதைதான். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் போலி ஊசிகளைப் பற்றி எச்சரித்தது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் பிடிபட்ட அந்தப் போலிகள் சுமந்திருந்த பெயர் ஓசெம்பிக். போலி செய்கிறவன் விலை உயர்ந்த பெயரைத்தான் திருடுவான், லாபம் அங்கேதான் இருக்கிறது. ஆக, போலி என்பது வேறு, ஜெனரிக் என்பது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் நோயாளியைப் பயமுறுத்தி விலை உயர்ந்த கவுண்டருக்குத் தள்ளுகிறார்கள்.

பழவேற்காட்டுச் சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவார். எந்தப் படகில் வந்தது, படகுக்கு என்ன பெயர் என்று கேட்க மாட்டார். இவ்வளவு விவரமான மக்களை மருந்து விஷயத்தில் மட்டும் பெயர் பார்க்கப் பழக்கியது யார்? டாக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மூலப்பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, மாதம் முடிவதற்குள் விதி நிறுத்தி வைக்கப்பட்டது. தரத்தைப் பற்றிய கவலை என்றார்கள். கவலை உண்மையென்றால் கூடுதல் ஆய்வகம் கேட்டுப் போராடியிருக்கலாமே. இன்னொரு பக்கம், ஜெனரிக் அட்டையிலேயே கம்பெனி பெரிய விலையை அச்சடிக்கிறது, கொள்முதல் விலைக்கும் அதற்கும் நடுவிலுள்ள தொகையைச் சில கடைக்காரர்கள் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். மலிவாகச் செய்த மருந்தை விலை ஏற்றி விற்பதும் ஏழையை ஏமாற்றுவதுதான்.

நம் அரசு மாத்திரையோ 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகிறது. கிடங்குக்கு வரும் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் விநியோகம். பெயரைப் பார்க்காமல் மருந்தைப் பார்ப்பது என்றால் இதுதான். இந்த ஏற்பாட்டைப் பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. அந்த மாத்திரையைத்தான் நாம் கேக்காது என்று ஒதுக்கி வைக்கிறோம்.

எடை ஊசியில் விலைக்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. இதைப் போட்டால் எடை குறையும், நிறுத்தினால் திரும்ப ஏறும். 68 வாரம் செமாகுளுடைடு போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்ததாக 2021-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பழவேற்காட்டில் வருமானம் ஒரே சீராக வருவதில்லை. மீனவர்கள் முறை வைத்து ஏரியில் இறங்குவதைப் பாடு என்பார்கள்; தன் முறை வந்தால் காசு, வராத நாளில் இல்லை. முகத்துவாரத்தை மணல் மூடினால் இறால் வரத்து குறைகிறது. புயல் நாளிலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளிலும் கடலுக்குப் போக முடியாது. இப்படிப்பட்ட வீட்டில் மாதம் ஆயிரக்கணக்கில் செலவாகும் மருந்தைக் கடன் வாங்கித் தொடங்கினால் மூன்றாம் மாதம் நின்றுபோகும். பிராண்ட் ஊசி மூன்று மாதம் போட்டு நிறுத்துவதை விட ஜெனரிக் ஊசி மூன்று வருஷம் தொடர்ந்து போடுவது எவ்வளவோ மேல். இந்த மருந்தின் பலன் தொடர்ச்சியில் இருக்கிறது, தொடர்ச்சிக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும்.

கவலைப்பட வேண்டிய வித்தியாசங்களும் இருக்கின்றன. பேனா வடிவ ஊசியில் அளவைத் திருகி வைத்துக்கொள்ளலாம். குப்பியில் வரும் மருந்தை சிரிஞ்சில் இழுக்கும்போது அளவு தவறலாம். அமெரிக்காவில் மருந்துக்கடைகள் தாங்களே கலந்து கொடுத்த குப்பிகளில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு, அதற்கும் மேல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. நர்ஸ் ஒரு தடவை கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தால் இது தீரும். அடுத்தது குளிர்ச்சி. பிரிக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடவே கூடாது. ஐஸ் பெட்டி இல்லாத மீனவர் வீடு கிடையாது. நல்ல எண்ணத்தோடு ஊசியை ஐஸ்கட்டிக்குள் புதைத்து வைத்தால் மருந்து கெட்டுப்போகும், பிராண்டானாலும் ஜெனரிக்கானாலும். குமட்டலும் வாந்தியும் இரண்டிலும் வரும். டாக்டர் பார்க்காமல் இரண்டையுமே தொடக்கூடாது.

குளிர்ச்சிக்கு வழி கிட்டத்திலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதே 2 முதல் 8 டிகிரியில் தினமும் காத்து வைக்கிறார்கள். எந்தக் கம்பெனி தடுப்பூசி என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். பருமனோடு சர்க்கரையும் சேர்ந்து, மாத்திரைக்கு அடங்காதவர்களை டாக்டரே தேர்ந்தெடுக்கட்டும். மருத்துவப் பணிகள் கழகம் ஜெனரிக் செமாகுளுடைடை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, வழக்கம்போலப் பெயர் மறைத்துச் சோதிக்கட்டும். முடிவைத் தமிழில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடட்டும். 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், பழவேற்காட்டு மக்கள் போகும் சுகாதார நிலையத்திலும் அது கிடைக்கட்டும். வாரம் ஒரு நாள், தடுப்பூசி போடும் அதே நர்ஸ் கையால்.