இடரற்ற முதலீடு என்றொரு பாடம்

பல்கலைக்கழகத்தில் முதலீட்டு முகாமைத்துவம் பயிலும் மாணவரிடம் கேட்டுப்பாருங்கள். பணத்தைப் பலவற்றில் பகிர்ந்திட்டு இடரைக் குறைக்கலாம் என ஹரி மார்கோவிட்ஸ் 1952 இல் நிறுவியதைச் சொல்வார். இடரற்ற முதலீடு எதுவெனில், பாடநூலில் உள்ளபடி, அரசாங்கப் பிணையங்கள் என்பார்.

இலங்கையில் இருந்துகொண்டு இதை எப்படிக் கற்பிக்கிறார்கள்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது இதே அரசாங்கம்தான். 2023 இல் ஊழியர் சேமலாப நிதியின் திறைசேரி முறிகள் நீண்ட தவணை முறிகளாக மாற்றப்பட்டன. வட்டி 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம். மாற்ற மறுத்திருந்தால் முறி வருமானத்துக்கு வரி 14 அல்ல, 30 சதவீதம். இதைத் தெரிவு என்பதா?

ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணின் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் சேர்ந்த பணம் அது. அதன் மிகப் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களிலேயே கிடந்தது. பகிர்ந்திடு என்ற முதற்பாடம் எங்கே போயிற்று? அங்கத்தவரை எவரும் கேட்கவுமில்லை.

விரிவுரையாளர்களே, சூத்திரங்களைக் கற்பியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த நிதியின் கணக்கையும் மாணவர் முன் வையுங்கள். பணம் யாருடையது, தீர்மானித்தவர் யார், இழந்தவர் யார் என்று அவர்கள் கேட்கட்டும்.