பழைய காடியை எப்போ விடணும்?



இது கோயில் நிர்வாகத்தோட அறிவிப்பு இல்லை. என் சொந்தக் கருத்து. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க. வீட்டுல காடி ஓட்டுற பிள்ளைங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

திருவிழா நாள்ல கோயில் திடல்ல காடிகளை ஒழுங்குபடுத்தி நிறுத்துற சேவை என்னோடது. நம்ம தோட்டத்துப் பக்கம் யார் என்ன காடி வச்சிருக்காங்கன்னு ஒரு பார்வையிலேயே தெரியும். கஞ்சில், பழைய சாகா, வீரா, இதுங்கதான் அதிகம். கஞ்சில் 1994-ல் வந்தது, 2009-ல் உற்பத்தியை நிறுத்திட்டாங்க. கடைசியா வந்த கஞ்சிலுக்கே இப்போ 15 வயசு தாண்டிடுச்சு.

இந்தக் காடிகளை யாரும் கேவலமா பேசக் கூடாது. செம்பனைக் காட்டுக்குள்ள பஸ் எட்டிப் பார்க்காத இடத்துல, பிரசவம்னாலும் நெஞ்சு வலின்னாலும் சிரம்பானுக்கோ குவாலா பிலாவுக்கோ கொண்டு போய்ச் சேர்த்தது இதுங்கதான். 1000 சிசிக்கு உட்பட்ட காடிக்கு ரோட் டெக்ஸ் வருஷத்துக்கு 20 வெள்ளிதான். அப்பா வாங்கின காடி, அதே நம்பர் பிளேட். விட மனசு வராது, சரிதான்.

ஆனா எப்போ விடணும்கிறதுல நம்ம ஆளுங்க ரெண்டு விதமா இருக்காங்க. ஒரு பக்கம், "ரிப்பேர் வந்துடுச்சா, தள்ளிட்டுப் புதுசு எடு." இன்னொரு பக்கம், "ஓடுற வரைக்கும் ஓட்டு." ரெண்டுமே சரியில்லைங்கிறது என் கருத்து. பணக் கணக்கு வேற, உயிர்க் கணக்கு வேற. ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பார்க்கணும்.

முதல்ல பணக் கணக்கு. "காடி விலையில பாதிக்கு மேல ரிப்பேர் செலவு வந்தா மாத்திடு"ன்னு சொல்வாங்க. நமக்கு அது பொருந்தாது. 3,000 வெள்ளிக்குக்கூட விலை போகாத காடிக்கு எந்தப் பெரிய ரிப்பேரும் பாதியைத் தாண்டிடும். காடியோட விலையைப் பார்க்காதீங்க. அதுக்குப் பதிலா வர்ற காடிக்கு மாசம் எவ்வளவு கட்டணும்னு பாருங்க.

2023 கடைசியில பெரோடுவா ஆக்சியா இ-யை இன்சூரன்ஸ் இல்லாம 22,000 வெள்ளின்னு விட்டாங்க. அதையே கணக்குக்கு வச்சுக்குவோம். பத்து விழுக்காடு முன்பணம் 2,200. மிச்சம் 19,800 பேங்க் லோன். 9 வருஷம், வட்டி 3.5 விழுக்காடுன்னு வைங்க. வட்டி மட்டும் 6,237 வெள்ளி. மாசம் 241 வெள்ளி, வருஷத்துக்கு ஏறக்குறைய 2,900. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வாங்குறவருக்கு அதுல ஏழுல ஒரு பங்கு போயிடும். லோன் இருக்கிற வரைக்கும் முழு இன்சூரன்ஸும் எடுக்கணும்.

இப்போ உங்க பழைய காடிக்குக் கடந்த 12 மாசம் பட்டறையில கொடுத்த ரசீதை எல்லாம் கூட்டுங்க. டயர், பேட்டரி, எஞ்சின் ஆயிலைச் சேர்க்காதீங்க, அது புதுக் காடிக்கும் உண்டு. மிச்சம் 1,000, 1,500-தான் வருதா? அப்போ பணத்துக்காக மாத்த வேண்டிய அவசியமே இல்லை. "மாசா மாசம் பட்டறைக்கே அழறேன்"னு சொல்ற பலர் கூட்டிப் பார்த்தா லோனைவிடக் குறைவாத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுல புதுசு வந்துடுச்சுன்னு இபிஎஃப் பணத்தை எடுக்காதீங்க. ஆலோங் பக்கம் போகவே போகாதீங்க. ஆனா ரசீது ரெண்டு வருஷமா தொடர்ந்து 2,500, 3,000-னு வந்தா யோசிக்க வேண்டிய நேரம்தான்.

அடுத்தது உயிர்க் கணக்கு. இதுல ரசீதுக்கு இடமே இல்லை.

எஞ்சின் போனா பொத்தோங் கடையில வேற எஞ்சின் கிடைக்கும். கியர்பாக்ஸும் கிடைக்கும். ஆனா கஞ்சில், சாகா மாதிரி காடிக்குத் தனியா சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. அது துருப்பிடிச்சா மாத்த முடியாது. தோட்டத்துச் செம்மண் சேறு சக்கரத்துக்கு மேல ஒட்டிக்கிட்டு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். போர்ட்டிக்சன் பக்கம்னா கடல் காத்து வேற. அதனால காலடி மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்க. ஜேக் வைக்கிற இடம், கதவுக்குக் கீழ்ப் பட்டை, முன்சக்கர அப்சார்பர் மேல பிடிச்சிருக்கிற இடம், சீட் பெல்ட் மாட்டியிருக்கிற இடம், எல்லாத்தையும் போமனை விட்டுக் குத்திப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனா அந்தக் காடியோட காலம் முடிஞ்சது. மேலே தகடு வச்சுப் பத்தவச்சு சாயம் அடிச்சா கண்ணுக்குத்தான் அழகு. மோதினா தாங்காது. அதுலயும் இதுங்க பெரும்பாலும் ஏர்பேக் இல்லாத காடிங்க.

பிரேக் விஷயம் வேற. அதைச் சரி பண்ணலாம், பண்ணியே ஆகணும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். பழசானா சூட்டுல கொதிச்சு, மிதிச்சாலும் பிடிக்காது. குவாலா பிலாவிலிருந்து புக்கிட் புத்துஸ் இறக்கத்துல வர்றவங்க இதை மனசுல வைங்க. ஆயுத பூஜைக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அதுக்கு முந்தின வாரமே பிரேக்கையும் பார்த்துடுங்க. சாமி காப்பாத்தும், நம்ம பங்கை நாம செய்யணும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு. வீட்டுல வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸுக்குப் போறவங்க இருந்து, இருக்கிறது ஒரே காடின்னா, அது அடிக்கடி வழியில நின்னாலே மாத்தக் காரணம் போதும். ரிப்பேர் செலவு கம்மியா இருந்தாலும் சரி.

அரசாங்கம் வந்து சொல்லும்னு காத்திருக்காதீங்க. நம்ம நாட்டுல சொந்தக் காடிக்கு வருஷா வருஷம் கட்டாயப் பரிசோதனை கிடையாது. 2009-ல் 15 வருஷத்துக்கு மேற்பட்ட காடிகளுக்குக் கொண்டு வரப் பார்த்தாங்க. ஏழைங்க பாதிக்கப்படுவாங்கன்னு எதிர்ப்பு வந்ததும் கைவிட்டாங்க. அந்த எதிர்ப்பு நியாயம்தான். ஆனா அதனால முடிவு எடுக்கிற பொறுப்பு நம்ம தலையில விழுந்திருக்கு. சந்தேகம்னா புஸ்பாகோம்ல நாமே கேட்டுப் பரிசோதிச்சுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். துருப்பிடிச்சு நமக்கு ஆகாதுன்னு ஒதுக்கின காடியை, செனவாங் ஃபேக்டரிக்கு ராத்திரி ஷிப்ட் போற தம்பிக்குக் கொடுக்காதீங்க. நமக்கு ஆபத்துன்னா அவனுக்கும் ஆபத்துதான். லயத்துக்குப் பின்னாடி போட்டு டிங்கி கொசுவும் வளர்க்காதீங்க. ஜேபிஜே-யில பதிவை ரத்து பண்ணி முறையா ஒழிச்சிடுங்க. 2026 பட்ஜெட்ல, 20 வருஷத்துக்கு மேற்பட்ட காடியை ஒழிச்சுட்டுப் புது புரோட்டோன், பெரோடுவா வாங்குறவங்களுக்கு 4,000 வெள்ளி வரைக்கும் உதவி அறிவிச்சாங்க. ஷோரூம்ல கட்டாயம் கேளுங்க.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போற குடும்பங்க, பிள்ளைங்களைப் பின் சீட்டுல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை காடிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. இன்னிக்கே ரசீதைக் கூட்டிப் பாருங்க. உங்க கணக்கு என்ன சொல்லுதுன்னு கீழே எழுதுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.

எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேரணும்.