அடையாறும் சிட்லிங்கியும்

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உதயமான அடையாறு புற்றுநோய் நிலையமும், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையின் கிராம மருத்துவமனையும், சர்வதேச ஆராய்ச்சியாளரும் கைகோத்து, பயிற்சி பெற்ற செவிலியர் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளுத்துத் தெரியும் இடத்தைக் கண்ணாலேயே கண்டறியும் எளிய சோதனையை நடத்தியதன் பலனாக, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததென 2007-இல் பிரசுரமான ஆய்வு நிரூபித்தது. அந்தப் பாக்கியம் தருமபுரி மாவட்டத்து மலையாளிப் பழங்குடி ஸ்திரீகளுக்கும் கிட்ட வேண்டாமா? சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 முதல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும், அவ்வினப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து நடத்திவரும் மருத்துவமனை அதற்கு ஏற்ற களம். அந்நியரிடம் கூசி நிற்கும் தாய்மார் தம் ஊர்ப் பெண்ணிடம் மனம் திறப்பர். ஆனால் இச்சோதனைக்கு ஒருநாள் முகாம் மட்டும் போதாது. ஆராய்ச்சியில் அப்பழங்குடிச் செவிலியருக்குச் சமபங்கு அளித்து, நோய் கண்டவரைச் சிகிச்சை முடியும்வரை பராமரிக்கும் பொறுப்பையும் பெருநிலையங்கள் ஏற்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.