பனிக்கும் ஓர் இடம்

சேலம், நாமக்கல் சமவெளி என்றதும் இலக்கிய வாசகர் நினைவில் எழுவது வெயில்தான். பெருமாள்முருகனின் முதல் நாவலுக்குப் பெயரே ‘ஏறுவெயில்’ (1991). ஆனால் இம்மண்ணுக்கு முன்பனியும் பின்பனியும் உண்டு. மார்கழி ஞாயிறு ஒன்றில், வெயில் ஏறும்வரை சேர்வராயன் மலை கண்ணுக்குத் தெரிவதில்லை. வாரம் முழுதும் அதிரும் பக்கத்துத் தெரு விசைத்தறிகள் ஓய்ந்திருக்கின்றன. திண்ணையில் அமர்ந்து மொச்சை உரிக்கிறோம், பேச்சுக்குக்கூட அவசரமில்லை.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாலை நிலத்துக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கியவர் தொல்காப்பியர். வறண்ட நிலத்தின் குளிரை அவர் மறக்கவில்லை. வறட்சியையும் சாதியையும் எழுதிய நம் வட்டார இலக்கியம் இந்த அமைதியையும் எழுத வேண்டும் என்பதே நம் எண்ணம்.

ஆனால் ஒன்று. நமக்கு விடுமுறையான அந்த ஞாயிற்றிலும், இருளில் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டு அடுப்பு மூட்டியவர் வீட்டுப் பெண்தான். அவருக்கு ஓய்வுநாள் எது? அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எழுதப்படும் அமைதி பாதி உண்மையே.