திறந்து பார்க்கும் துணிவு



கையிலே கடிகாரம் கட்டியோர் நம்மிடையே பலர். அதன் பின்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தோர் எத்தனை பேர்? முள் ஓடும்வரை அணிகிறோம், நின்றுவிட்டால் எறிகிறோம். பொருளுக்கு உடையவர் நாம் என்கிறோம். அப்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை மட்டும் அறியோம். இதுவா கல்வி? விலை குறைந்த கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பழுது நீக்கவும், விரும்பிய வண்ணம் மாற்றியமைக்கவும் கற்பது மாணவர்க்கு ஏற்ற பொழுதுபோக்கு என்பேன். பொழுதுபோக்கு என்று தொடங்குவது அறிவுப் பயிற்சியாக வளரும் என்பதும் என் துணிபு.

நான் பிறந்த ஊர் அந்தமானில் உள்ள மாயாபந்தர். தலைநகருக்கும் எங்களுக்கும் சாலை வழி ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்தப் போர்ட் பிளேருக்கே பொருள்கள் பலவும் கடல் கடந்து வரவேண்டும். அங்கிருந்து எங்கள் கடைத்தெருவை அடைய மேலும் நாளாகும். உப்புக் காற்றும் ஓயாத மழையும் எதையும் எளிதில் துருவேற்றிவிடும். இத்தகைய ஊரில் பழுது நீக்கத் தெரிந்தவனின் அருமை பெரிது.

என் தந்தையாரிடம் ஓர் எச்.எம்.டி. ஜனதா இருந்தது. ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் பிறந்தது நம் நாட்டின் எச்.எம்.டி. கடிகாரம். நாள்தோறும் காலையில் அதற்குச் சாவி கொடுத்த பின்னரே அவர் வேலைக்குப் புறப்படுவார். ஒரு நாள் அது நின்றது. கடைக்காரர் ஒருவர், “இதற்கு உதிரிப்பாகம் வராது, புதிது வாங்குங்கள்” என்று கூறிவிட்டார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை; அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அந்த மௌனம் என்னை உறுத்தியது.

அதை உடனே திறந்தேனா? இல்லை! திறந்திருந்தால் கெடுத்தே இருப்பேன். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதன் உள்ளே துடிக்கிறது. கை தவறினால் அது கோணிவிடும். கோணியதை நிமிர்த்துவது தேர்ந்தவர்க்கும் அரிது. ஆதலால் முதலில் மலிவான பேட்டரிக் கடிகாரங்களை வாங்கினேன். நின்றுபோனவற்றை நண்பர்களிடம் கேட்டுப் பெற்றேன். ஒரு சாமணம், இரண்டு சிறு திருப்புளி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு வெள்ளைத் தட்டு: இவையே என் பட்டறை.

அம்மலிவுக் கடிகாரம் எனக்கு ஆசிரியராயிற்று. அதனுள் குவார்ட்ஸ் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? இரண்டால் பதினைந்து முறை வகுத்துப் பாருங்கள், ஒன்று எஞ்சும்! நொடிக்கு ஒன்றாகக் கிடைக்கும் அந்தத் துடிப்பே குட்டி மோட்டாரைத் தூண்டி முள்ளை நகர்த்துகிறது. வகுப்பறையில் வெறும் எண்ணாக நின்ற இரண்டின் அடுக்கு, என் உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியின் உப்புக் கசிவைத் துடைத்தேன். நின்ற முள் நகர்ந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் தந்ததில்லை.

பின்னர் முள் கழற்றவும், டயல் மாற்றவும், தேய்ந்த வாரை நீக்கிப் புது வார் பூட்டவும் கற்றேன். கெடுத்தவை ஏழு. அவற்றை இழப்பு என்னேன்; கல்விக் கட்டணம் என்பேன். இரண்டாண்டுக்குப் பின்னரே தந்தையாரின் கடிகாரத்தைத் தொட்டேன். எந்த உறுப்பும் உடையவில்லை. எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருந்தது, அவ்வளவே! பிரித்துக் கழுவி, துளித்துளியாய் எண்ணெயிட்டுப் பூட்டினேன். ஓடிற்று. நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்குகிறது. தந்தையார் அதைக் குறையாகச் சொல்வதில்லை; காலையில் சாவி கொடுக்கும்போதே முள்ளையும் நகர்த்திவிடுகிறார்.

“சில நூறு ரூபாய்க்குப் புதிது கிடைக்கையில் இவ்வளவு உழைப்பு எதற்கு?” என்பர் சிலர். விலை மலிவு என்பதுதானே கற்பதற்கு வசதி! அச்சமின்றித் திறக்கலாம், தவறலாம், மீண்டும் முயலலாம். எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். தீவில் எறிந்தது தீவிலேயே கிடக்கும். “படிக்கும் பிள்ளைக்கு இது எதற்கு? கைவேலைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்” என்பர் வேறு சிலர். இந்த எண்ணமே நம்மைக் கெடுத்தது. ஏடு பிடிப்பவன் உயர்ந்தவன், கருவி பிடிப்பவன் தாழ்ந்தவன் என்ற பொய்யை இன்னும் எத்தனை நாள் சுமப்போம்?

வரலாறு வேறு கூறுகிறது. ஜான் ஹாரிசன் ஆங்கிலேயத் தச்சர், கல்லூரி காணாதவர். கடலில் ஒரு கப்பலின் நெட்டாங்கை அறியத் துல்லியமான கடிகாரம் வேண்டும். நான்கு நிமிடப் பிழை ஒரு பாகைப் பிழையாகும். பேரறிஞர்கள் திணறிய அச்சிக்கலை அவர் கைகளே தீர்த்தன. 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அவர் கடிகாரம் சோதிக்கப்பட்டது. அதே நான்கு நிமிடக் கணக்கை எங்கள் ஊருக்கும் போட்டுப் பாருங்கள்: இந்திய நேரம் 82.5 பாகைக்கு உரியது. மாயாபந்தர் 93 பாகையை ஒட்டியது. எனவே கைக்கடிகாரம் 11 மணி 18 நிமிடம் காட்டும்போதே எங்களுக்கு ஏறத்தாழ உச்சிவேளை! நம் கோவை ஜி.டி. நாயுடு அவர்களோ, ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித் தம் பொறியியற் கல்வியைத் தொடங்கியவர். தமிழக அரசின் டிட்கோவும் டாட்டாவும் 1984இல் கைகோத்ததால் ஓசூரில் டைட்டன் எழுந்தது. கடிகாரம் செய்யும் மண்ணில் வாழும் நாம் கடிகாரம் திறக்க அஞ்சலாமா?

தொடங்குவோர்க்குச் சில சொற்கள். பாட்டனார் நினைவாக வைத்திருக்கும் கடிகாரத்தில் கை வைக்காதீர்கள். நின்றுபோன மலிவுக் கடிகாரத்தில் தொடங்குங்கள். பிரிக்குமுன் ஒவ்வொரு நிலையையும் படம் எடுங்கள். ஒருமுறை திறந்த கடிகாரத்தை நீர் புகாது என நம்பி நீந்தாதீர்கள். பொத்தான் பேட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே கேடு. இவை அனைத்தினும் முதன்மையாக, உங்கள் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே ஒற்றைக்கண் லென்சு மாட்டி அமர்ந்திருக்கும் முதியவரிடம் சென்று வணங்கிக் கேளுங்கள். அவர் அறிந்தது எந்நூலிலும் முழுமையாக இல்லை. எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிலை மூட 2016இல் அரசு முடிவு செய்தது. அக்கடிகாரங்கள் இன்றும் ஓடுவது அத்தகையோரின் விரல்களால்தான்.

நம் சங்கத்தில் பேச்சுக்கு மேடை உண்டு. பாட்டுக்கும் கூத்துக்கும் மேடை உண்டு. பழுது நீக்கும் கைகளுக்கு ஒரு மேசை இல்லை. மாதம் ஒரு மாலை அந்த மேசையைப் போடுவோம். நின்ற கடிகாரத்துடன் வாருங்கள், தோழர்களே! சாமணம் நான் கொண்டு வருகிறேன்.